யானை இன்னும் ஏறவில்லை

ஜூன் விடுமுறையில் ஒரு வாரம் லீவு போட்டு, மீன் குழம்பும் பகல் தூக்கமுமாகக் கழித்துவிடலாம் என்றுதான் சேவியர் கணக்குப் போட்டிருந்தார். பாவம், மனுஷன் நினைத்ததெல்லாம் நடந்துவிட்டால் அப்புறம் மனைவி எதற்கு? தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய தமிழ்த் திருச்சபை நடத்தும் சிறுவர் டே கேம்ப்பில், அவரை ஒரு வார்த்தை கேட்காமலே சுசீலா அவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"என்னங்க, முப்பத்திரண்டு பிள்ளைங்க. எல்லாம் ஏழு வயசு, எட்டு வயசு. நான் பாட்டு சொல்லிக்கொடுப்பேனா, ஓடி விழறவங்களப் பிடிப்பேனா? நீங்க சேஃப்டி ஆளுதானே!"

சேஃப்டி ஆள்தான். பன்னிரண்டு வருடமாக ஒரு ஷிப்யார்டில் சேஃப்டி சூப்பர்வைசர். பூன் லேயில் இருக்கும் அவர்கள் வீட்டில் கேஸ் அடுப்புக்கு மேலே, குளியலறைக் கதவில், மாவு அரைக்கும் கிரைண்டரில் என்று எங்கு பார்த்தாலும் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருக்கும். வாழைப்பழம் உரிக்கக்கூட இவர் கையுறை தேடுவார் என்று சுசீலா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவரிடம் முப்பத்திரண்டு பிள்ளைகளைக் கொடுத்தால் என்ன நடக்கும்? நடந்தது.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, பாட்டு என்று நினைத்து வந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, யார்டில் வேலை தொடங்குமுன் தினமும் நடத்துகிற பாதுகாப்புக் கூட்டத்தை அப்படியே நடத்தினார்.

"இன்னைக்கு இந்த ஹாலுக்குள்ள என்னென்ன ஆபத்து இருக்கு? யார் சொல்றீங்க?"

"ஸ்பீக்கர் வயர் அங்கிள்!"

"வெரி குட்."

"சுசீலா ஆன்ட்டி வாசிக்கிற கிட்டார் அங்கிள்!" என்றான் அகிலன். எட்டு வயது, வாய் மட்டும் இருபது வயது. சுசீலா முறைத்தார். சேவியர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

பிறகு ஆளுக்கொரு சிவப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். அதில் 'நிறுத்து' என்று பெரிதாக எழுதியிருந்தது. "ஆபத்துன்னு தோணினா இதத் தூக்குங்க. தூக்கினா எல்லாரும் செய்யறத நிறுத்தணும். பெரியவங்களும் நிறுத்தணும். தூக்கினவங்கள யாரும் திட்டக்கூடாது. இது அங்கிளோட ப்ராமிஸ்."

ஐயோ, அந்த இரண்டு நாளும் கேம்ப் பட்ட பாடு! தரை ஈரம் என்று ஓர் அட்டை. மதியம் கொடுத்த மீ கோரெங் நூடுல்ஸில் சம்பால் காரம் அதிகம் என்று பதினோரு அட்டை. கைத்தட்டும் பாட்டில் ஒருத்தி கை மற்றவள் மூக்கில் பட்டதற்கு இரண்டு அட்டை, ஒன்று பட்டவளுடையது, மற்றது தட்டியவளுடையது. யாருடைய அட்டையையும் சேவியர் அலட்சியம் செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓடிப் போய், குனிந்து கேட்டு, "சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை ரயிலில் திரும்பும்போது, "இன்னைக்கு மட்டும் இருபத்தேழு!" என்றார், லாட்டரி விழுந்தவர் மாதிரி.

"இதுல என்னங்க அவ்வளவு சந்தோஷம்?"

யார்டிலும் முந்நூறு பேர் கழுத்தில் இதே அட்டை தொங்குகிறது. மூன்று வருடமாக ஒருவரும் தூக்கியதில்லை. ஏன் என்று சேவியருக்குத் தெரியும். அதை அவர் சுசீலாவிடம்கூடச் சொன்னதில்லை.

புதன்கிழமைதான் வம்பு வந்தது. சபையின் செயலாளர் ஞானசேகரன் ஒரு காலத்தில் பள்ளி முதல்வராக இருந்தவர். ஒலிபெருக்கி இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரல். நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. வெள்ளிக்கிழமை நாடகத்துக்காக ஃபிரிட்ஜ் அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி இரண்டு வாரம் முதுகு வலிக்க பைபிள் வெள்ளக் கதையில் வரும் கப்பலான நோவாவின் பேழையைத் தனி ஆளாகச் செய்தவர். ஆனால் ஜெபம் செய்ய ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அன்று பத்து நிமிடம் தாண்டியும் ஆமென் வருகிற வழியைக் காணோம். அகிலன் அட்டையைத் தூக்கினான்.

"அங்கிள், கண்ண மூடிக்கிட்டே ரொம்ப நேரம் நின்னா கீழ விழுந்துடுவோம் லா. ஆபத்து."

ஹாலே சிரித்தது. ஞானசேகரன் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் சேவியரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிரதர், விளையாட்டு போதும். நாளைக்குப் பெத்தவங்க நூத்தம்பது பேர் வர்றாங்க. நாடகத்து நடுவுல ஆளாளுக்கு அட்டையத் தூக்கினா என் மானம் போயிடும். எல்லாத்தையும் வாங்கி வச்சிடுங்க."

"இல்ல பிரதர், நான் பிள்ளைங்ககிட்ட ப்ராமிஸ்…"

"பிள்ளைங்கதானே. மறந்துடுவாங்க."

சேவியர் தலையாட்டினார். அவருக்கு எதிர்த்துப் பேச வராது. எத்தனையோ தடவை தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார், ஆனாலும் வராது. ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனார். பிள்ளைகள் அட்டையைக் கழற்றிப் போட்டார்கள். கடைசியில் சிவானி நின்றாள்.

சிவானிக்கு ஏழு வயது. அம்மா பஃபலோ ரோட்டில் கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கிறவர். விடுமுறையில் பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியாமல், கடைக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று இந்தக் கேம்ப்பில் சேர்த்திருந்தார். நான்கு நாளில் சிவானி பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அட்டையை ஒரு தடவைகூடத் தூக்காத ஒரே பிள்ளையும் அவள்தான்.

"அங்கிள், நான் இன்னும் யூஸ் பண்ணவே இல்ல."

"பரவால்லம்மா. குடு."

"யாரும் திட்டமாட்டாங்கன்னு சொன்னீங்க. திட்டிட்டாங்களா?"

சேவியருக்குச் சுருக்கென்றது. ஏதோ சொல்லிச் சமாளித்து அந்த அட்டையையும் வாங்கிக்கொண்டு, பையோடு ஸ்டோர் ரூமுக்குள் போய், ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் யார்டில் அழகர்சாமி என்ற வெல்டர் அட்டையைத் தூக்கினார். தாம் இறங்க வேண்டிய கப்பல் தொட்டிக்குள் காற்று சரியில்லை என்றார். அன்று மாலை கப்பல் கிளம்ப வேண்டும். மேனேஜர் வாட்சைப் பார்த்தார், பிறகு சேவியரைப் பார்த்தார். சேவியர், "அப்புறம் பாத்துக்கலாம், இப்ப வேலையப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். கடவுள் புண்ணியம், ஒன்றும் ஆகவில்லை. அழகர்சாமி அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாற்பது பேரும் புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு எவர் தூக்குவார்? இப்போது அதே வேலையை ஒரு சின்னப் பிள்ளையிடமும் செய்தாயிற்று. நாளையோடு கேம்ப் முடிகிறது. இந்த ஆளின் வாக்கு வெறும் வாய்ப்பேச்சு என்றுதான் அவள் வீட்டுக்குப் போகப் போகிறாள். வெட்கமாக இருந்தது அவருக்கு. அன்று மீன் குழம்பு வைத்தும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஹால் நிரம்பி வழிந்தது. அப்பாக்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நோவா ஒருவன், அவன் மனைவி ஒருத்தி, மிச்சம் முப்பது பேரும் ஜோடி ஜோடியாக மிருகங்கள். ஞானசேகரன் மைக்கில் கதை சொன்னார். சேவியருக்கு ஒலிப்பெட்டி வேலை: இடி, காற்று, மழை எல்லாம் அவர் விரலில் இருந்தது.

சிங்கங்கள் ஏறின. ஒட்டகச்சிவிங்கிகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏறின. குரங்கு ஜோடி தேவைக்கு அதிகமாகவே குரங்காக இருந்து கைத்தட்டல் வாங்கியது. கடைசியில் யானைகள். பேழைக் கதவு வரைக்கும் வந்த யானை ஒன்றுதான். அதுவும் அங்கேயே நின்றுவிட்டது. தும்பிக்கைக்குப் பின்னால் சிவானி.

"யானை ஏறட்டும்! மழை வந்துவிட்டது!" என்று ஞானசேகரன் முழங்கினார். சேவியர் மழையைக் கூட்டினார்.

யானை ஏறவில்லை. வலது கையை மெதுவாகத் தூக்கியது. அட்டை இல்லாத வெறும் கை.

ஞானசேகரன் மைக்கைத் தள்ளிப் பிடித்துக் குனிந்தார். "என்னம்மா?"

"அகிலன் வரல."

"எங்கயாவது மைலோ குடிச்சிட்டு நிப்பான். நீ ஏறு."

"வரல."

"அப்புறம் சொல்லும்மா, எல்லாரும் பாக்குறாங்க. ஏறு, ஏறு!" என்று சொல்லிவிட்டுச் சேவியரைப் பார்த்துக் கையை மேலே ஆட்டினார். இன்னும் சத்தமாக மழை வேண்டும் என்று அர்த்தம்.

சிவானியும் சேவியரைத்தான் பார்த்தாள். அழவில்லை. கையைக் கீழே போடவுமில்லை. இவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

சேவியரின் விரல் மழைக் குமிழின் மேல் இருந்தது. நூற்றைம்பது பேர். செயலாளர். ஞாயிறுதோறும் பார்க்க வேண்டிய முகம். ஒரு நொடி விரல் மேலேதான் போனது. பிறகு, போனால் போகட்டும் என்று எல்லாக் குமிழ்களையும் ஒரே இழுப்பில் கீழே இறக்கினார். இடி நின்றது. காற்று நின்றது. மழை நின்றது. ஹாலில் சப்தநாடியும் அடங்கிவிட்டது.

"நிறுத்தியாச்சு, சிவானி," என்றார் எழுந்து நின்று. "சொல்லும்மா."

அவள் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஸ்டோர் ரூம் பக்கமிருந்து தொம், தொம் என்று சத்தம் கேட்டது. கூடவே தொண்டை கட்டிப்போன ஒரு குரல்: "ஆன்ட்டீ! யாராச்சும் கதவத் திறங்க!"

சேவியர் ஓடிய ஓட்டத்தை அவருடைய யார்டில் யாரும் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டிருந்தது. தோளால் இரண்டு இடி இடித்ததும் திறந்துகொண்டது. உள்ளே, புழுக்கத்தில் முகமெல்லாம் சிவந்து, அட்டை வயிறு இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் மாட்டி, திரும்பவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தது இரண்டாவது யானை.

"தும்பிக்கை கழண்டுடுச்சு, ஒட்ட டேப் எடுக்க வந்தேன்," என்று விசும்பினான் அகிலன். தண்ணீர் குடித்ததும் வாய் திரும்பி வந்துவிட்டது. "எவ்வளவு கத்தினேன் தெரியுமா அங்கிள்? இந்த மழ சத்தத்துல எவனுக்கு லா கேக்கும்!"

அவன் அம்மா ஓடிவந்து வாரி அணைத்துக்கொண்டார். சுசீலா தும்பிக்கையை டேப்பால் ஒட்டினார். ஒட்டும்போதே கணவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்காக இன்னும் பத்து லீவைத் தியாகம் செய்யலாம் என்று தோன்றியது சேவியருக்கு.

ஞானசேகரன் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் மைக்கைப் பார்த்தார், பேழையைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பை மெல்ல இறக்கி, சிவானிக்கு எதிரே முட்டி போட்டார். மைக் அணைக்கப்படவில்லை; அவர் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"தப்பு என்னோடதும்மா. சொன்னதுக்கு தேங்க்ஸ்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப ஆரம்பிக்கலாமா? நீ சொன்னாத்தான்."

சிவானி உடனே சொல்லிவிடவில்லை. பேழைக்குள் எட்டிப் பார்த்தாள். விரலை நீட்டி ஒவ்வொரு மிருகமாக எண்ணினாள். நடுவில் எண்ணிக்கை தப்பிவிட, முதலிலிருந்து எண்ணினாள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த சபை பாஸ்டர் காத்திருந்தார், செயலாளர் முட்டி போட்டபடியே காத்திருந்தார், நூற்றைம்பது பேரும் மூச்சுக் காட்டாமல் காத்திருந்தார்கள். ஒருவரும் வாட்சைப் பார்க்கவில்லை. சேவியருக்குக் கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாக அழகர்சாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

எண்ணி முடித்த சிவானி, அகிலனின் தும்பிக்கையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒலிப்பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

"ஓகே அங்கிள். இப்ப மழ பெய்யலாம்."