கரட்டில் கிடந்த குண்டு

எண்பது ஆண்டுகளுக்கு முன் பசிபிக் தீவொன்றில் ஜப்பானியர் பதுங்குகுழி வெட்டிக் காத்த கரட்டுக் குன்றை அமெரிக்கக் காலாட்படை ஏறிப் பிடித்தது. அப்போது வெடிக்காமல் புதைந்த குண்டுகளை அகற்றும் வேலைக்குப் போயிருந்தான் ஜெரோம்.

சாப்பாட்டு இடைவேளையில், சரவணம்பட்டியிலிருந்த மனைவி அன்புச்செல்வியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று வெடிச்சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

அவள் திரும்பத் திரும்ப அழைத்தாள். வாசலில் மகளின் பள்ளி வேன் ஹார்ன் அடித்தது. அவள் நகரவில்லை.

வெகுநேரம் கழித்து அவனே அழைத்தான்.

"எனக்கு ஒண்ணுமில்லை அம்மணி. கீழ ஒருத்தர் சோறாக்கத் தீ மூட்டினாரு. மண்ணுக்குள்ள கெடந்த குண்டு வெடிச்சுப்போட்டுது. அவரு போயிட்டாரு."

"ஏனுங்க, நீங்க ஊட்டுக்கு வந்துருங்க."

"இந்தக் கரட்டைச் சுத்தி இன்னும் சனம் குடியிருக்குது. எப்புடி வாரது?"

அன்புச்செல்வி அழுதாள். மறுபடியும் வரச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.