வாத்து மாட்டிய சாவி

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் தொடங்கியது. ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் கட்டும் அடுக்குமாடியில், யாருக்கும் அடிபடாத ஒரு விபத்து நடந்தது. நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. 'நடந்தது என்ன' என்ற கட்டத்தில் நான்கு வரிக்குத்தான் இடம். ஐந்தாவது வரியைப் பின்பக்கத்தில் எழுதினேன். அதோடு நிற்கவில்லை.

2

முதல் தொடக்கம்: 'சூரியன் உச்சியில் தகித்துக்கொண்டிருந்த அந்த

வேண்டாம். வெயில் அடித்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது: அஸ்திவாரப் பள்ளம் தோண்டும் பொக்லைன் மதியச் சாப்பாட்டுக்கு நின்றால், அதன் பின்பக்கம்தான் அந்த மனையில் ஒரே நிழல். மரங்களை நாங்கள்தான் வெட்டியிருந்தோம். சித்தாள் செல்லம்மா அங்கே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள். புதன்கிழமை ஆபரேட்டர் ஆஸ்டின் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினான். திருப்பினான். பின்பாரம் சுழன்றது.* செல்லம்மா குழம்பை எடுக்கக் குனிந்திருந்தாள். தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி.

* அந்த இரும்பு நாலு டன். அதன் பின்னால் இருப்பவர் ஆபரேட்டரின் கண்ணாடியில் தெரியமாட்டார்.

3

செல்லம்மாவை இதில் சாகடிக்கலாம் என்று தோன்றியது. கதைக்குக் கனம் கிடைக்கும். ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன்.

(என் மனைவி ஷீலா போய்ப் பதினோரு மாதம். காய்ச்சல், நாலு நாள். இந்த அடைப்புக்குறிக்குள் இதற்கு மேல் இடமில்லை.)

4

வண்டியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினேன். மறுநாள் செல்லம்மாவும் மற்றவர்களும் நாடாவைத் தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னக்கா இது?"

"டேப்புக்கு அந்தாண்ட வெயிலு. நீ ஒக்காருவியா சார்?" என்றாள் செல்லம்மா. "ஆஸ்டின் கீறான் இல்ல? பாத்துப்பான்."

"இன்னாத்த பாத்துப்பேன்?" என்றான் ஆஸ்டின். "யக்கா, அங்கேருந்து உன் தலை தெரியவே தெரியாது."

"அப்ப சாவிய என்னாண்ட குடு. துன்னு முடிச்சிட்டுத் தரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது கேலியாகப் படவில்லை.

(இவளுக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்குமா என்று முதல் வரைவில் சந்தேகப்பட்டேன். யோசனையை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். இப்போது திருத்தியிருக்கிறேன்.)

5

வண்டியிலிருந்து தள்ளி ஒரு பச்சை வலைப் பந்தல் போட்டாயிற்று. சாப்பாடு அங்கேதான். ஆனாலும் இன்ஜின் நின்றதும் சாவி செல்லம்மாவிடம் போகிறது. எல்லோரும் வண்டியை விட்டு விலகியிருக்கிறார்களா என்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகே திருப்பித் தருகிறாள்.

முதல் வாரம் அவள் முந்தானையிலிருந்து சாவி நழுவி மணலில் விழுந்தது. ஒரு மணி நேரம் தேடினோம்.

"பெருசா எதுனா மாட்டிக் குடு சார்."

வீட்டில் ஷீலாவின் ஸ்கூட்டர் சாவி ஆணியில் தொங்கியது. அதில் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்து. பதினோரு மாதமாக நான் தொடவில்லை. வாத்தை மட்டும் கழற்றி எடுத்துப் போனேன்.

"பொக்லைனுக்கு வாத்தா? மானம் போவுது சார்" என்றான் ஆஸ்டின்.

"உன் மானத்துக்கு இன்னாடா கொறச்சல்? அமுக்கினா கத்துது பாரு!" செல்லம்மா அமுக்கினாள்.

சிரித்தவர்களில் நானும் இருந்தேன் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன்.

6

திங்கட்கிழமை ஆஸ்டின் படப்பையில் வேறொரு மனை வேலைக்குப் போகிறான். புது ஆபரேட்டர் வருகிறார். சாவி விதியை எழுதி ஒட்டிவிட்டேன். அவரிடம் கையெழுத்தும் வாங்குவேன். கையெழுத்து எவ்வளவு தூரம் காக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் சிரித்துக்கொண்டே தருகிறார். இன்னொன்றில், 'ஒரு சித்தாள் கையில் என் வண்டிச் சாவியா' என்று அவர்

அதை நான் முடிக்கவில்லை.

"தரலைன்னா என்னக்கா பண்ணுவீங்க?" என்று செல்லம்மாவையே கேட்டேன்.

"கைய நீட்டிகினே நிப்பேன் சார். எவ்ளோ நேரந்தான் பாத்துகினு இருப்பாரு?"

அந்த ஆபரேட்டருக்கு நான் பெயர் வைக்கவில்லை. உங்கள் பெயரை வைத்துப் படியுங்கள். திங்கள், மணி பன்னிரண்டரை. இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்குகிறீர்கள். வாத்து உங்கள் விரலில் ஆடுகிறது. கீழே செல்லம்மா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.