ஒரு வாரம் தள்ளிப் போன ஈஸ்டர்

கிரேக்கத்தின் கோர்ஃபு தீவுச் சதுக்கத்தில் நானும் என் தோழி உக்னேயும் காலையிலிருந்தே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் நிரப்பிய மண்பானைகளைப் பால்கனியிலிருந்து தெருவில் போட்டு உடைப்பார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் நாங்கள் படிக்கும் ஆஸ்திரியாவிலிருந்து ரயிலும் கப்பலுமாக வந்திருந்தோம்.

எனக்கு அது வேடிக்கை. உக்னேக்கு அப்படியில்லை. அவள் படிப்பது ஒலிப்பதிவு. விடுமுறை முடிந்ததும் 'ஒரு பண்டிகையின் சத்தம்' என்று ஒரு பதிவைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். லிதுவேனியாவுக்குத் திரும்பி மாமாவின் டயர் கடையில் உட்கார வேண்டியதுதான்.

மேலே ஒரு பெண் பால்கனிக்கு வந்தாள். உக்னே மைக்கை உயர்த்தினாள். அந்தப் பெண் கம்பளத்தை எடுத்து உதறினாள். தூசு முழுவதும் என் வாயில்.

"பானை எப்போ போடுவீங்க?" என்று துப்பிக்கொண்டே கத்தினேன்.

"அடுத்த சனிக்கிழமை! ஈஸ்டருக்குத்தானே போடுவோம்? உங்களுக்கு என்னப்பா அவ்வளவு அவசரம்?"

கிரேக்கர்களின் திருச்சபைக்கு ஈஸ்டர் கணக்கே வேறு. இந்த வருடம் அவர்களுக்கு ஒரு வாரம் தள்ளி வந்திருக்கிறது. நான் போர்ச்சுகல்காரன், அவள் லிதுவேனியாக்காரி. இரண்டு கத்தோலிக்க மூளைகள் குளிர்காலம் முழுக்கக் கூடித் திட்டம் போட்டும், ஊருக்கு ஊர் ஈஸ்டர் மாறும் என்று ஒன்றுக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை எங்களுக்குக் கப்பல்.

"டுவார்த்தே, சின்ன வயசுல நீ பாதிரியார் ஆகப்போறேன்னு சொன்னியாமே?" என்றாள் உக்னே.

"ஆமா."

"திருச்சபை தப்பிச்சுது."

சொல்லிவிட்டு மைக்கைப் பையில் போட்டு மூடினாள். அவள் கேலி செய்யும்வரை எனக்குப் பயமில்லை; கேலியை நிறுத்திவிட்டால்தான் கவலை. ஆறுதலாக ஏதாவது வாங்கித் தரலாமென்றால், தவக்காலம் முடியாத ஊரில் இறைச்சிகூட இல்லை. ஆலிவ் காயைக் கொடுத்து ஒருத்தியை எப்படித் தேற்றுவது?

சாயங்காலம் ஒரு சந்தில் போகும்போது மாடி ஜன்னலிலிருந்து வாத்திய இசை கேட்டது. துக்கமான, மெதுவான இசை. பாதியில் நின்றது. யாரோ திட்டினார்கள். மறுபடி முதலிலிருந்து, மறுபடி அதே இடத்தில் நின்றது. உக்னேயும் நின்றாள்.

"என்னது அது?" என்றாள். கேட்டபோதே படியில் பாதி ஏறியிருந்தாள்.

மேலே ஊர் பேண்ட் குழு. பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடை போகும் ஊர்வலத்துக்கு ஒத்திகை. நடத்துபவர் தியோதோரா, குள்ளமான பெண், குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. பதிவு செய்யலாமா என்று கேட்டதும் கையை விரித்துத் தடுத்தார்.

"உக்காந்து கேளுங்க, வேணாம்னு சொல்லல. பதிவெல்லாம் கூடாது. கல்யாணப் பொண்ணு குளிக்கறப்பவா போட்டோ எடுப்பாங்க?"

"உங்களுக்குப் பிடிக்கலைன்னா உங்க கண் முன்னாடியே அழிச்சிடறேன், மேடம். இது இல்லைன்னா என் படிப்பே போச்சு."

தியோதோரா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இவனுக்கு ரெண்டு கையும் வேலை செய்யுமா?"

பெரிய டிரம் அடிப்பவர் பல் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தாராம். நான் அடித்தால் அவள் பதிவு செய்யலாம், கேட்டுப் பார்த்தபின்தான் முடிவு என்று பேச்சு. டிரம்மை என் கழுத்தில் மாட்டினார்கள். பின்னாலிருந்து பார்த்தால் டிரம்முக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தேன் என்று உக்னே பிறகு சொன்னாள்.

எல்லாரும் அடுத்த சுரத்துக்குப் போனபின் நான் அடித்தேன். நான் அடித்தபின் தியோதோரா அடிக்க வந்தார்.

"பிணம் முன்னாடி போயிடுச்சு தம்பி, நீ இன்னும் கல்லறைக்கு வழி கேட்டுக்கிட்டிருக்க!"

கிளாரினெட்காரர்கள் சிரித்ததில் அவர்களுக்கும் திட்டு. கடைசியில் ஒரே ஒருமுறை முழுதும் வாசித்தோம். முடிந்தபின் யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை.

பதிவைக் கேட்க தியோதோரா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உக்னே தன் சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான் இவ்வளவு கத்தறேனா?"

"ஆமா," என்றது மொத்தக் குழுவும்.

"அதை எடுத்துடு."

"மாட்டேன் மேடம். பண்டிகையன்னிக்கு எல்லாரும்தான் பதிவு பண்ணுவாங்க. அதுக்கு நீங்க படற பாடு இதுலதான் இருக்கு. வேணாம்னா இப்பவே முழுசா அழிச்சிடறேன்."

அவள் விரல் அழிக்கும் பொத்தான்மேல் இருந்தது. தியோதோரா அந்த விரலையே பார்த்தார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

"சரி, எடுத்துட்டுப் போ. ஒரே ஒரு விஷயம் மட்டும் உங்க வாத்தியாருக்குத் தெரியணும். அந்த டிரம் அடிச்சவன் எங்க ஊர்க்காரன் இல்ல."

உக்னே மைக்கை உதட்டருகே கொண்டுபோய், டிரம் அடித்தவன் என்று என் முழுப்பெயரையும் ஊரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.