விடுமுறை வாரத்துத் தும்மல்

விடுமுறை வாரத்தின் முதல் நாள் காலையில் ரொட்டிக்கடைக்காரர் அடுப்புக்கு முன்னால் நின்று தும்மினார். அதே நொடியில் கல்லாவில் இருந்த அவருடைய மகள் தும்மினாள், மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பேரன் தும்மினான், பேருந்திலிருந்து பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்த தம்பி தும்மினார், பல வருடங்களாக இவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா தன் வீட்டு மாடியில் துணி உலர்த்தியபடியே தும்மினார். அன்று மாலைக்குள் ஊரின் எல்லாக் குடும்பங்களுக்கும் இது நடந்துவிட்டது. ஒருவர் தும்மினால் அவருடைய இரத்த உறவினர் அத்தனை பேரும், எங்கே என்ன செய்துகொண்டிருந்தாலும், கூடவே தும்மினார்கள். கணவன் தும்மினால் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை; பிள்ளைகள் மட்டும் இருவருக்கும் சேர்த்துத் தும்மினார்கள். வெளியூரில் இருந்தவர்களுக்கும் வந்ததா என்பது சரியாகத் தெரியவில்லை. தொலைபேசியில் கேட்டபோது சிலர் ஆமாம் என்றார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வராததற்குத் திட்டு விழுமோ என்று பயந்து ஆமாம் என்றவர்களும் இருந்திருக்கலாம். விடுமுறை முடிந்து அலுவலகங்கள் திறந்த அன்று அது நின்றது. அடுத்த ஆண்டு அதே வாரத்தில் மறுபடி தொடங்கியது.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. முடிதிருத்துகிறவர், எங்கோ இருக்கும் தன் அத்தை தும்மினால் வாடிக்கையாளரின் கன்னம் கிழியும் என்பதால், அந்த வாரம் சவரம் இல்லை, முடி மட்டும்தான் என்று கதவில் எழுதி ஒட்டினார். கண்ணாடிக் கடையில் பெரிய கண்ணாடிகளைத் தூக்க, ஒருவருக்கொருவர் உறவில்லாத ஆட்களாகப் பார்த்து அனுப்பினார்கள். மருந்துக்கடைக்காரர் இது நோய் இல்லை என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டைகளை வாங்கி அடுக்கினார். ரொட்டிக்கடைக்காரரும் சித்தப்பாவும் பேச ஆரம்பித்தார்கள். முதல் பேச்சே, "கொஞ்சம் மெதுவாத் தும்மக் கூடாதா, காபி மேல கொட்டிடுச்சு" என்பதுதான்.

இதனால் அதிகம் பலனடைந்தது ஊர் வரலாற்றுக் கழகம். கழகத்துக்கு நூலக மாடியில் ஒரு கூடம் உண்டு. ஊரில் வாழ்ந்த குடும்பங்களின் கிளைகளை எல்லாம் ஒரு நீளமான வெள்ளைத் துணியில் மையால் எழுதி வைத்திருந்தார்கள். அதை வம்சப் படம் என்பார்கள். வெளியூர் போனவர்கள் திரும்பிவரும் விடுமுறை வாரத்தில் கழகம் ஒரு விருந்து வைக்கும். அன்று படத்தை உத்தரத்திலிருந்து விரித்துத் தொங்கவிட்டு, அதில் உள்ளபடியே குடும்பத்துக்கு ஒரு மேசை போடுவார்கள். படத்தில் பெயர் இல்லாதவர்களுக்கு விருந்தினர் மேசை. அது ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. மற்ற மேசைகளைவிட நான்கு விரல் உயரம் குறைவு. கழகத்தின் செயலாளர் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன அளவுகோல் இருப்பதால் அவரை அளவுகோல் என்றே எல்லோரும் சொன்னார்கள், அவர் இருக்கும்போதும். தும்மல் தொடங்கிய இரண்டாம் ஆண்டு அவர் ஒரு விதி கொண்டுவந்தார். இனி யார் சொல்வதையும் நம்பி எழுத வேண்டியதில்லை. சேர்ந்து தும்முகிறவர்கள் ஒரு மேசை. கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். சிலர் தூக்குவதற்கு முன் யோசித்தார்கள்.

யோசிக்க வேண்டியவர் அளவுகோல்தான். அவர் கடிகாரக்கடைக் குடும்பத்தின் இளைய பிள்ளை. அந்தக் குடும்பம் படத்தில் முதல் வரிசை, கூடத்தில் முதல் மேசை. தும்மலின் முதல் ஆண்டில், கடிகாரக்கடையை நடத்தும் அண்ணன் தும்மியபோது அண்ணன் பிள்ளைகள் தும்மினார்கள், அத்தை மகன் தும்மினார், அளவுகோலுக்கு மூக்கு அரிக்கக்கூட இல்லை. தூசு பட்டுப் பட்டு மூக்கு மரத்துப்போயிருக்கும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாவது தும்மலிலும் வரவில்லை. மூன்றாவதற்கு அவர் பொய்யாகத் தும்மினார். அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறை வாரமும், அண்ணன் கடையில் இருக்கும் நேரம் போக, அவர் அண்ணனை விட்டு நகரவில்லை. அண்ணன் எதிரில் உட்கார்ந்து அண்ணன் மூக்கையே பார்த்தபடி சாப்பிட்டார், பேசினார், சீட்டாடித் தோற்றார். நல்ல வேளையாக, அண்ணன் தும்முவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேசையில் வைத்துவிட்டுத்தான் தும்முவார். அந்த அவகாசம் போதுமாக இருந்தது. நான்கைந்து ஆண்டுகளில் அவருடைய பொய்த் தும்மல் குடும்பத்திலேயே சிறந்த தும்மலாக ஆகிவிட்டது.

நிஜத் தும்மலும் அவருக்கு எப்போதாவது வந்தது. முன்னறிவிப்பு இல்லாமல், நடுத்தெருவில், அண்ணன் கடையில் சும்மா இருக்கும் நேரத்தில் வந்தது. யாரோ எங்கோ தும்முகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். யார் என்று தேட, ஊரில் எல்லோருக்கும் உறவு தேடிக் கொடுத்த அந்த மனிதர் ஒரு நாளும் புறப்படவில்லை.

அது சலவைக்கடைக்காரி. இருவரில் அவள்தான் மூத்தவள். அவளுடைய அம்மா ஒரு தங்கும் விடுதியில் துணி துவைத்தவள், அப்பா யார் என்று கேட்கப்பட்டதில்லை, வேறு உறவும் இல்லை. விருந்துக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து அவள் விருந்தினர் மேசையில்தான் உட்கார்ந்தாள். படத்தில் ஒரு மூலையிலாவது தன் பெயர் வர வேண்டும் என்பது அவளுக்கு இருந்த ஒரே ஆசை. அதை மறைக்கவும் இல்லை. முதல் ஆண்டு, இஸ்திரி போடும்போது கஞ்சித்தூள் மூக்கில் ஏறி அவள் தும்மியபோது, சாலைக்கு அந்தப் பக்கம் அளவுகோல் தும்மி, கையிலிருந்த காகிதங்களைக் கீழே போட்டார். அவள் வேண்டுமென்றே இன்னொரு சிட்டிகைத் தூளை முகர்ந்தாள். பொறுக்கிய காகிதங்கள் மறுபடி விழுந்தன. மறுநாளிலிருந்து விடுமுறை வாரத்தில் கடையில் கஞ்சி போடுவதை நிறுத்தினாள். முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டாள். தும்மல் வந்தால் மேலுதட்டை விரலால் அழுத்திக் கண்ணில் நீர் வரும்வரை நின்று அதை விழுங்கினாள். அவள் கூடத்தில் ஒரு முறை தும்மினால் அவளுக்குப் பெயர் கிடைக்கும், அவருக்கு மேசை போய்விடும்.

அவர் அவளிடம்தான் சட்டைகளைக் கொடுத்தார். ஓர் ஆண்டு அவரே கேட்டார்.

"என்னக்கா, வருஷா வருஷம் இந்த வாரம் உங்க மூக்கு தக்காளி மாதிரி இருக்கு. ஜலதோஷமா?"

"ஜலதோஷம் எல்லாம் இல்ல சார். அடக்கி வச்சிருக்கேன்."

"எதுக்கு அடக்கணும்? தும்மினாத்தானே உங்க ஆளுங்க யாருன்னு தெரியும். படத்துல ஏத்திடலாம்."

"எனக்குத் தெரியாம இருக்கா என்ன?" என்றாள் அவள், சட்டையின் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் போட்டபடி. "உங்களுக்கு இது என்னிக்கு வேணும், அதைச் சொல்லுங்க."

விருந்துக்கு முன் வம்சப் படத்தை மொட்டைமாடியில் உதறி, ஈரத்துணியால் துடைத்துக் கொடுப்பதும் அவள் வேலையாக இருந்தது. அளவுகோல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டு, படத்தில் புதிய பெயர்கள் நிறைய ஏறியிருந்தன. அவரே தன் கையால் எழுதியவை. ஈரம் பட்டால் மை ஓடிவிடும், இந்த முறை யாரும் தொட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். உதறவாவது உதறுகிறேன் என்று அவள் இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். அவர் சம்மதிக்கவில்லை. அதனால் விருந்தன்று கயிற்றை அவிழ்த்தபோது, ஓர் ஆண்டின் தூசு முழுவதும் படத்தோடு சேர்ந்து இறங்கியது. அவர் ஒலிபெருக்கி முன் நின்று கடிகாரக்கடைக் குடும்பத்தின் பெயர்களை வாசிக்கத் தொடங்கியிருந்தார். கடைசி மேசையில் சலவைக்கடைக்காரி விரலை உதட்டில் வைத்தாள், நேரம் போதவில்லை. அவள் தும்மினாள், அவர் தும்மினார். அவள் மறுபடி தும்மினாள், அவர் ஒலிபெருக்கியிலேயே தும்மினார். மூன்றாவது தும்மலுக்குள் கூடத்தில் இருந்தவர்கள் ஒரு தடவை அந்தப் பக்கமும் ஒரு தடவை இந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்து முடித்திருந்தார்கள். முதல் மேசையில் அண்ணனின் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

ரொட்டிக்கடைக்காரர் மட்டும், "சாப்பிட்டுக்கிட்டே அதிர்ச்சி அடையலாமே, ஆறிடும்" என்றார். அளவுகோல் தாளை மடித்துப் பையில் வைத்தார். முதல் மேசையில் தன் பெயர் எழுதியிருந்த அட்டையை எடுத்துக்கொண்டார்.

"விதிப்படி நான் அங்கதான் உக்காரணும்" என்றார் அண்ணனிடம்.

"உக்காரு, யாரு வேணாம்னா?" என்றார் அண்ணன். "முதல்ல அந்தப் பக்கத்தைப் பிடி."

"எந்தப் பக்கம்?"

"மேசைடா. நான் ஒருத்தனே தூக்க முடியுமா?"

இருவரும் முதல் மேசையைத் தூக்கினார்கள். மற்றவர்கள் நாற்காலிகளை ஒதுக்கி வழிவிட்டார்கள். நடுவில் ஒரு முறை இறக்கி வைத்து மூச்சு வாங்கியபோது தம்பி, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

"நீ வீட்டுக்கு வந்த அன்னிலேருந்து. அம்மா ஆஸ்பத்திரியிலேருந்து வெறுங்கையோட வந்தாங்க, ரெண்டு நாள் அழுதாங்க. அப்புறம் அப்பா உன்னைத் தூக்கிட்டு வந்தாரு. எனக்கு அஞ்சு வயசு. கடையில வாங்கினாருன்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டியா நீ? ஊருக்கெல்லாம் படம் போடறவன் நீ." அண்ணன் மேசையை மறுபடி பிடித்தார். "உனக்காகக் கழட்டிக் கழட்டி மாட்டி என் கண்ணாடிக் காலே ஆடிப்போச்சு. கடையில நான் தும்மிப் பாத்திருக்கியா? எவன்டா கண்ணாடியை மடிச்சு வச்சுட்டுத் தும்முவான்?"

விருந்தினர் மேசையோடு முதல் மேசையை ஒட்டிப் போட்டார்கள். சலவைக்கடைக்காரி தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார், இந்த மேசை இவ்வளவு தாழ்வாக இருப்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்றார். "உக்காந்தாத்தானே தெரியும்" என்றாள் அவள். சிறிது நேரத்தில் அண்ணன் கண்ணாடியோடு தும்மினார். அவருடைய பிள்ளைகள் தும்மினார்கள். தம்பி தும்மவில்லை, பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாரத்தில் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

மறு ஆண்டு படத்தில் சலவைக்கடைக்காரியின் பெயர் ஏறியது. அளவுகோலின் பெயரை எங்கே எழுதுவது என்று கழகம் விவாதித்து, இரண்டு இடத்திலும் எழுதியது. பிறகு வேறு சிலருக்கும் அப்படி எழுத வேண்டியிருந்தது. இப்போது அண்ணனும் இல்லை, சலவைக்கடைக்காரியும் இல்லை. அளவுகோல் ஏதோ ஒரு நிஜத் தும்மலுக்குக் காத்திருப்பதுபோல அந்த வாரத்தில் சற்று அமைதியாக இருக்கிறார். அவரோடு சேர்ந்து தும்ம இனி ஆள் இல்லை. மற்றவர்களுக்கு விடுமுறை வாரத்தில் தும்மல் வழக்கம்போல வருகிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த இரண்டு மேசைகளும் ஒட்டியபடியேதான் கிடக்கின்றன, நான்கு விரல் வித்தியாசத்தை ஒரே விரிப்பு மூடியிருக்கிறது. விருந்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் தும்மலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. விரிப்பு சரிகிற அந்த இடத்தில் தண்ணீர்க் குவளையை வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறார்கள்.