புருவம் பதிவாகாது

நர்ஸுகளுக்கான ஆங்கிலத் தேர்வில் ஜெர்வின் இரண்டாம் முறையும் தோற்றது பேச்சில்தான். படிப்பதில் தேறினான். எழுதுவதில் தேறினான். காதால் கேட்டுப் பதில் எழுதுவதில் நன்றாகவே தேறினான். பேச்சில் மட்டும் முந்நூற்று இருபது. வேண்டியது முந்நூற்று ஐம்பது. நான்கிலும் தேறினால்தான் இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊர் ஆஸ்பத்திரி அவனை நர்ஸாக எடுத்துக்கொள்ளும். அக்டோபர் கடைசிவரை காத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். ஆகஸ்ட் முடியப் போகிறது. இன்னும் ஒரு முறை உட்காரலாம். அதற்கு மேல் நாள் இல்லை.

இங்கிலாந்தின் மேல் அவனுக்கு ஆசை ஒன்றும் கிடையாது. குளிர் ஆகாது. ஆனால் சொந்த ஊரான இலோய்லோவில் அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில்தான் அவன் மனைவி லியெசெல் பத்து மாதத்துக்கு முன் டெங்குவில் செத்துப்போனாள். அவனுக்கு வேலை நான்காம் மாடியில். லிஃப்ட் தினமும் மூன்றில் நிற்கும். கதவு திறக்கும். யாராவது ஏறுவார்கள். கதவு மூடும். அவள் சாகாத கட்டடம் ஒன்றில் வேலை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

அவன் தேர்வுக்குப் படித்த பயிற்சி நிலையம் அதே ஊரின் ஹாரோ பகுதியில் ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே இருந்தது. நடத்துபவள் டெல்ஃபா. பன்னிரண்டு வருடம் சவூதியில் நர்ஸாக இருந்து திரும்பியவள். வகுப்பில் எல்லோரையும் சார், மேம் என்றே கூப்பிடுவாள். திட்டும்போதும் அப்படித்தான்.

பேச்சுத் தேர்வு ஒரு சின்ன நாடகம். ஓர் அட்டை கொடுப்பார்கள். தேர்வு எழுதுபவர் நர்ஸ். எதிரே உட்காருபவர் நோயாளி. ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஒரு கருவி அதைப் பதிவு செய்யும். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ அந்தக் குரலை மட்டும் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். டெல்ஃபாவும் வகுப்பில் அப்படியே நடத்திப் பார்ப்பாள், நோயாளியாக அவளே உட்கார்ந்து.

ஒரு சனிக்கிழமை காலை அவள் படியேறி வந்ததும் வராததுமாக அவனைத் தேடினாள்.

"சார் ஜெர்வின், நேத்து ஜீப்னில உங்க பதிவக் காதுல மாட்டிக்கிட்டே வீட்டுக்குப் போனேன். ஒன்னு கேக்கலாமா?"

"கேளுங்க மேம்."

"நான்தானே பேஷண்ட்டா எதுர்ல உக்காந்திருந்தேன்?"

ஜெர்வின் புருவத்தைத் தூக்கி இறக்கினான்.

"இந்தா! இதத்தான் சொல்றேன்!" என்று டெல்ஃபா மேசையைத் தட்டினாள். "எல்லாரும் இங்க வாங்க, கேளுங்க."

கைபேசியை ஓடவிட்டாள். 'எனக்குச் சரியாகிவிடுமா, நர்ஸ்?' என்று ஆங்கிலத்தில் அவள் குரல். பிறகு தெருவில் ஒரு ட்ரைசிக்கிள் போகும் சத்தம். 'மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகா போட வேண்டும்?' ஒரு சேவல் கூவியது. 'என் கணவர் உள்ளே வரலாமா?' இன்னொரு ட்ரைசிக்கிள்.

வகுப்பு சிரித்தது. ஜெர்வின் சிரிக்கவில்லை. மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் சொன்னது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

"தப்பு என் மேலயும்தான்," என்றாள் டெல்ஃபா. "நேர்ல பாத்தப்போ எல்லாத்துக்கும் நீங்க பதில் சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. நானும் இந்த ஊர்க்காரிதானே? புருவம் தூக்கினா ஆமாம். அதுக்கு மேல யாரு கேப்பா? பரீட்சையில எதுர்ல உக்காந்தவளும் இந்த ஊர்க்காரி. தலையாட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பா. மார்க் போடறவனுக்கு என்ன தெரியும்? நர்ஸ் பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டான்னு நெனச்சிருப்பான்."

பின்வரிசையில் இருந்த ஒருத்தி, "மேம், உதட்டையும் பாருங்க. எக்ஸ்ரே ரூம் எங்கன்னு கேட்டா உதட்டக் குவிச்சுத்தான் காட்டுறாரு," என்றாள்.

டெல்ஃபா பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் காகிதப் பட்டையை எடுத்தாள். ஜெர்வினின் நெற்றியில் புருவத்துக்கு மேலே குறுக்காக ஒட்டினாள்.

"இழுக்கும்போது வாயத் தொறங்க சார். வீட்டுல பேசிப் பழகறப்போ எதுர்ல இருக்கறவங்கள முதுகக் காட்டி உக்காரச் சொல்லுங்க. மூஞ்சி தெரியக் கூடாது."

வீட்டில் இருந்தது அவன் மாமியார் பெர்பெத்துவா மட்டும்தான். வீடு அவளுடையது. சந்தையில் கருவாடு விற்றாள். கல்யாணமானதிலிருந்து ஜெர்வினும் லியெசெலும் அங்கேதான் இருந்தார்கள். லியெசெல் போன பிறகு அவனை இரு என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இருந்தான். அவளை அவன் நனாய், அம்மா, என்று கூப்பிடுவான்; அவள் அவனைத் தோதோ, தம்பி, என்பாள். அவள் சோறு ஆக்கினால் இருவருக்கும் ஆக்கினாள். அவன் துவைத்தால் இருவர் துணியையும் துவைத்தான். பேச்சு மழையைப் பற்றி இருக்கும், மீன் விலையைப் பற்றி இருக்கும். லியெசெல் பெயர் மட்டும் வராது.

"தோதோ, என்ன நெத்தியில? யார்கூட அடிதடி?"

சொன்னான். பெர்பெத்துவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பத்து மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்க்கவில்லை.

"நான் உக்கார்றேன். ஹாங்காங்ல ஒன்பது வருஷம் சும்மாவா இருந்தேன்? என் இங்கிலீஷ் போதாதா?"

"போதும் நனாய்."

அது பிறர் வீட்டு அடுக்களையில் உத்தரவு கேட்டுப் பழகிய ஆங்கிலம். கேள்வி கேட்க அதற்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் அவள் அட்டையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நான் லாரி ஓட்டுறவனா? சர்க்கரை வியாதியா? நல்லாருக்கு. எந்த லாரி?"

"அது கார்டுல இல்ல."

"கரும்பு லாரின்னு வச்சுக்க. அதான் சர்க்கரை."

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, கரும்பு லாரி ஓட்டுபவனாக அவள் கேள்வி கேட்டாள். அவன் புருவம் எழும்போதெல்லாம் பட்டை தோலை இழுத்தது. அவள் பின்னந்தலை அசையாமல் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தான்.

தினமும் சாயங்காலம் அவள் சந்தையிலிருந்து வந்து கைகழுவியதும் தொடங்கும். அவன் தேறினால் போய்விடுவான் என்பது இருவருக்கும் தெரியும். அவன் போனால் அந்த வீட்டில் அவள் மட்டும்தான். அதையும் அவர்கள் பேசவில்லை. ஆனால் ஒருநாள்கூட அவள் தவறவிடவில்லை. காய்ச்சலோடு ஒருநாள் உட்கார்ந்து, "இன்னைக்கு நெஜமாவே பேஷண்ட்," என்றாள்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அட்டைக் கட்டில் ஒன்றை ஜெர்வின் எப்போதும் அடியில் தள்ளிவிடுவான். அன்று பெர்பெத்துவாவே கட்டைக் கலைத்து அதை எடுத்தாள். மகளுக்குக் குடல்வால் அறுவை. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். நர்ஸ் அவளிடம் நிலைமையைச் சொல்ல வேண்டும்.

"வேற எடுங்க நனாய்."

"இதுவே இருக்கட்டும்."

மடியில் தட்டு வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே திரும்பி உட்கார்ந்தாள். அவன் கைபேசியில் பதிவை ஓடவிட்டான்.

"நர்ஸ், நான் அம்மா," என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். "என் மகள் எப்படி இருக்கிறாள்?"

"அறுவை நல்லபடியாக முடிந்தது. தூங்குகிறாள்."

"வலி இருந்ததா?"

"கொஞ்சம் இருந்தது. மருந்து கொடுத்தோம்."

அதுவரை அட்டையில் இருந்தது. பெர்பெத்துவாவின் கை கீரையில் நின்றது.

"என்னைத் தேடினாளா?"

பட்டை இழுத்தது. அவளுக்கு அது தெரிய வழியில்லை.

"நர்ஸ், எனக்குக் கேட்கவில்லை."

"இது கார்டுல இல்ல நனாய்," என்றான் ஜெர்வின் வீட்டுப் பேச்சில்.

"இங்கிலீஷ்ல சொல்லு. நம்ம பேச்சுல கேக்க எனக்கு வாய் வரல. பத்து மாசமா வரல."

லியெசெலுக்குக் காய்ச்சல் வந்தபோது பெர்பெத்துவா தன் அக்கா ஊர்த் திருவிழாவுக்கு ரோஹாஸ் போயிருந்தாள். பஸ்ஸில் மூன்று மணி நேரம். காய்ச்சல்தான், பயமில்லை என்று ஜெர்வின் செய்தி அனுப்பியிருந்தான். வேறு யாரோ சொல்லி அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அரை மணி நேரம் பிந்திவிட்டது. தாழ்வாரத்தில் நின்ற அவன் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அவனும் எதுவும் சொல்லவில்லை.

"ஆம்," என்றான் இப்போது. "இரண்டு முறை தேடினாள்."

"நான் ஏன் அங்கே இல்லை?"

"நான் உங்களை அழைக்கவில்லை." குரல் அவனுக்கே யாருடையதோ போல இருந்தது. "செவ்வாய்க்கிழமை காலையிலேயே அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை. ரத்தத் தட்டணுக்கள் ஏறிவிடும் என்று நினைத்தேன். நான் நர்ஸ். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அம்மா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள் என்று அவளிடம் சொன்னேன். அப்போது நீங்கள் புறப்படவே இல்லை. அது பொய்."

அவள் திரும்பவில்லை. வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"பேஷண்ட்டோட அம்மா அழலாமா?" என்று வீட்டுப் பேச்சில் கேட்டாள். "கார்டுல ஏதாச்சும் போட்டிருக்கா?"

"ஒன்னும் போடல நனாய்."

"அப்ப அழுவேன்."

முதுகைக் காட்டியபடியே அழுதாள். இந்த மாதிரி நேரத்தில் சொல்ல டெல்ஃபா ஏழு வாக்கியம் மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள். ஏழும் அவனுக்குத் தெரியும். ஒன்றையும் சொல்லவில்லை. எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு கொத்தை எடுத்துக் கீரையை உருவினான். அது முடிந்ததும் இன்னொன்று.

"ஒரு போன்," என்றாள் அவள் கடைசியில். "ஒரே ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பேனே, பாவி. நடந்தாவது வந்திருப்பேனே."

"ஆமா," என்றான். "வந்திருப்பீங்க."

பதிவு இருபத்திரண்டு நிமிடம் ஓடியிருந்தது. அதை அவன் அழிக்கவும் இல்லை, டெல்ஃபாவுக்கு அனுப்பவும் இல்லை.

மறுநாள் அவன் எழுவதற்குள் பெர்பெத்துவா சந்தைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் கைகழுவிவிட்டு நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சோறு ஒருவருக்கு மட்டும் மூடி வைத்திருந்தது; அவள் சாப்பிட்டாளா என்று தெரியவில்லை. அடுத்த நாளும் அப்படியே. வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று ஜெர்வின் நினைத்தான். ஆஸ்பத்திரியில் ஒருவனிடம் அறை ஏதும் காலியிருக்கிறதா என்றுகூடக் கேட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் அவள் அட்டைக் கட்டை மேசையில் பொத்தென்று போட்டாள்.

"கோவம் போகல. போகுமான்னும் தெரியல. ஆனா பரீட்சைக்கு ஆறு நாள்தான் இருக்கு. லாரி ஓட்டுறவன எடு."

தேர்வு நாளில் எதிரே உட்கார்ந்தவள் சிவப்புக் கண்ணாடி போட்ட நடுவயதுக்காரி. இரண்டு அட்டையில் முதலாவது மருந்து ஒவ்வாமை. சுலபமாகப் போயிற்று. இரண்டாவதைத் திருப்பினான். கால் வீக்கத்துக்குப் போடும் இறுக்கமான காலுறையை ஒரு கிழவர் போட மறுக்கிறார். அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஒன்பது நாளாகச் சாவைப் பற்றிப் பேசத் தயாராகிக்கொண்டிருந்தவனுக்குக் காலுறை வந்தது. அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

கண்ணாடிக்காரி கிழவராக முனகினாள். அரிக்கிறது என்றாள். பெண்கள் போடுவது என்றாள். அவன் விளக்கினான். புரிகிறதா என்று கேட்டான்.

அவள் புருவத்தைத் தூக்கி இறக்கினாள்.

"சரி என்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், ஐயா," என்றான் ஜெர்வின். "ஆனாலும் நாளைக் காலையில் இதை எப்படிப் போடுவீர்கள் என்று உங்கள் வாயால் ஒருமுறை எனக்குச் சொல்லுங்கள்."

ஒரு கணம் அவள் விழித்தாள். பிறகு சொன்னாள்.

பதினேழாம் நாள் முடிவு வந்தது. ஜெர்வின் நான்காம் மாடியிலிருந்து படியில் இறங்கி, ஜீப்னி பிடித்து நேராகச் சந்தைக்குப் போனான். பெர்பெத்துவா கருவாட்டின் மேல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"நனாய், தேறிட்டேன்."

"பேச்சுல?"

"முன்னூத்தி எண்பது."

"வெனான்சியா! கேட்டியா? எங்க வீட்டு ஊமை பேச்சுல முன்னூத்தி எண்பது!"

பக்கத்துக் கடை வெனான்சியா இறால் கூடையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப இனிமே நம்மகிட்டல்லாம் பேசுவாரா, இல்ல வெள்ளக்காரங்ககிட்ட மட்டுந்தானா?"

"காசு குடுத்தாப் பேசுவான்," என்றாள் பெர்பெத்துவா. சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினாள். "எப்ப?"

"ஜனவரி. முன்னாடியே கூப்பிட்டாலும் உடனே போக மாட்டேன். லியெசெலோட வருஷப் பூசை முடியணும்."

அந்தப் பெயர் கருவாட்டுக்கும் தராசுக்கும் நடுவே சும்மா கிடந்தது. இருவரும் அதை எடுத்து ஒளித்து வைக்கவில்லை.

"நான் போறது உங்களுக்கு வருத்தமா நனாய்?"

"வருத்தம்தான். இல்லன்னு சொல்லவா?" ஈ ஓட்டும் காகிதத்தை இரண்டாக மடித்தாள். "ஞாயித்துக்கெழம போன் பண்ணு. வீடியோ வேணாம். குரல் மட்டும் போதும்."

ஒருத்தி வந்து நெத்திலி என்ன விலை என்று கேட்டாள். பெர்பெத்துவா அவள் பக்கம் திரும்பினாள்.

"சரி நனாய்," என்றான் ஜெர்வின், சந்தைச் சத்தத்தைத் தாண்டி அவளுக்குக் கேட்கும்படி.