காப்புக் கட்டிய ஐந்து குடும்பம்

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டால் எருக்கலங்குடி என்ன செய்யும்? பாவம், அதனால் ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனால் அந்த வைகாசியில் ஐந்து குடும்பங்கள் மலையும் காடும் நடந்தே தாண்டி, கல்கத்தாவில் ரயிலேறி, புதுக்கோட்டையில் இறங்கி, அங்கே இடமில்லாமல் ஊர்க்கோடிப் புளியந்தோப்பில் வந்து உட்கார்ந்தபோது, ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர்களில் இரண்டு குடும்பத்துக்கு எருக்கலங்குடியிலேயே பங்காளிகள் இருந்தார்கள். போய்க் கேட்டால், எங்கள் வகையறாவில் யாரும் பர்மாவுக்குப் போனதே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். அதைச் சொன்னவர்கள் நின்ற வாசல் பர்மாத் தேக்கு வாசல். வெட்கம் என்பது சிலருக்கு வாய்ப்பதே இல்லை.

வந்து சேர்ந்த மறுநாளே ஊரணியில் சண்டை. தண்ணீர் எடுக்கப் போன மாசேனின் குடத்தைப் பிடுங்கிக் கரையில் போட்டு உடைத்தார்கள். மாசேன் பர்மாக்காரி. சந்தனம் என்கிற தமிழனைக் கட்டிக்கொண்டவள். சந்தனம் வருகிற வழியில் காய்ச்சல் கண்டு ஆரக்கான் மலையிலேயே போய்விட்டான். அவனுக்கு மண் தள்ளிவிட்டு, செங்கமலம் என்று அவன் ஆசையாகப் பேர் வைத்த ஏழு வயசு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, முன்னே பின்னே பார்த்திராத அவனுடைய தேசத்துக்கு வந்திருந்தாள். வந்த இடத்தில் குடம் உடைந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றான் ஆத்மநாதன். அவன் முன்பு ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலையில் இருந்தவன். அங்கே தமிழர்களைத் தேடித்தேடி வெட்டின கலகத்தில், மீன் விற்கிற ஒரு பர்மாக்காரிதான் அவனைத் தன் குடிசைப் பரணில் ஒளித்து வைத்துச் சோறு போட்டாள். அவள் பேரைக்கூட அவன் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர் திரும்பி, இரண்டு மாடும் கொஞ்சம் வயலுமாக, சொர்ணவல்லியைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தான். அந்த நிம்மதி குடத்தோடு சேர்ந்து உடைந்தது.

அன்றே இளவட்டங்கள் பத்துப் பன்னிரண்டு பேரைத் திரட்டினான். தொண்டர் படை என்று பேர் வைத்தான். விடிந்ததும் தோப்புப் பெண்கள் ஊரணிக்குப் போவார்கள். இவர்கள் கம்போடு முன்னும் பின்னும் போவார்கள். சந்தையில் அவர்களை யாராவது ஏசினால் இவர்கள் போய்ப் பக்கத்தில் நிற்பார்கள். அடிதடி கிடையாது, நிற்பது மட்டும்தான். படையில் முதல் ஆள் ராக்கன். சிலம்பம் ஆடுகிறவன், ஆத்மநாதன் கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அவனிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு அதை அவனிடமிருந்து திரும்பப் பிடுங்குவது கஷ்டம்.

டவுன் ஆபீசில் போய்க் கேட்டதற்கு, அகதிகளுக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருக்கிறோம், இந்த மாதம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆக, ஒரு மாதம் காப்பாற்றினால் போதும். ஆத்மநாதன் அதைத்தான் மனசில் வைத்துக்கொண்டான்.

அந்த மாதத்தில்தானா மாரியம்மன் திருவிழா வர வேண்டும்! ஊர்த் தலைவர் பிச்சை அம்பலம் மந்தைத் திடலில் ஊரைக் கூட்டினார். அம்பலம் கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. ஊர்க்கட்டு என்று ஒன்று இருந்தால் அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களால்தான் பாதிப் பேருக்குக் கஷ்டம்.

"செவ்வாக்கெழம காப்புக் கட்டுறோம். காப்புக் கட்டிட்டா வெளியூராளு யாரும் எல்லைக்குள்ள ராத்தங்கக் கூடாது. இது ஒண்ணும் நான் வச்ச சட்டமில்ல. ஆத்மநாதா, ஒன் ஆளுகள அதுக்குள்ள கெளப்பிரு."

"எங்கிட்டு அம்பலாரே போவாங்க? பிள்ள குட்டியோட, இந்த வெயில்ல?"

"அது ஆத்தாளுக்குத்தான் தெரியும்."

ஆத்மநாதன் இரண்டு நாள் யோசித்தான். காப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காப்புக் கட்டினவர்கள், விழா முடிந்து அதை அவிழ்க்கிறவரை, பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பி எல்லைக்குள்தான் படுக்க வேண்டும். யாரும் அவர்களை வெளியே துரத்தவும் முடியாது. துரத்தினால் ஆத்தாளுக்கு ஆகாது. அப்படியானால் இந்த ஐந்து குடும்பத்துக்கும் காப்பைக் கட்டிவிட்டால்? யோசனை வந்ததும் அவனுக்குத் தன்னையே தட்டிக்கொடுக்கத் தோன்றியது. விழா முடியவும் டவுனில் கொட்டகை தயாராகவும் சரியாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் ஊரே வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டியது. பூசாரி வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டே வர வேண்டும். பேசக் கூடாது, நீட்டிய கையைத் தாண்டிப் போகவும் கூடாது. அதுதான் வழக்கம். தொண்டர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று பேராகத் தோப்புச் சனத்தை வரிசையில் செருகினார்கள். மாசேனின் கை வந்தபோது பூசாரி ஒரு நிமிஷம் திகைத்தார். பச்சை குத்தாத, வளையல் இல்லாத, வெளுத்த கை. பிறகு கட்டிவிட்டு நகர்ந்தார்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அம்பலம் எழுந்து வந்து பார்த்தார். கோபப்படுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கோபப்படவில்லை.

"கட்டுனது கட்டுனதுதான். இனிமே இவுகளும் ஊர்ச்சனம். ஊருக்கு என்ன கட்டோ அது இவுகளுக்கும்" என்றார்.

தொண்டர் படைக்குத் தலைகால் புரியவில்லை. ஆத்மநாதனுக்கு மட்டும் ஒரு பயம். யாராவது கோபக்காரர்கள் இருட்டில் வந்து இவர்களை அடித்து எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டால்? எல்லைக்கல் இருக்கிற ரோட்டில் ஆள் போட்டான். சூடம் ஏற்றி, ராக்கன் கையைப் பிடித்து, "காப்பு அவுக்கிறவரைக்கும் இவுகள்ல ஒருத்தரக்கூட எல்ல தாண்டிப் படுக்க விடமாட்டேன்னு ஆத்தா மேல சத்தியம் பண்ணு" என்றான். ராக்கன் சூடத்தை அடித்து அணைத்தான். பாதுகாப்புக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஆத்மநாதன் அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

மாசேன் மலையிலேயே காய்ச்சலை வாங்கி வந்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் துரத்துவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. காப்புக் கட்டிய மூன்றாம் நாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆத்மநாதன் அவளையும் பிள்ளையையும் தன் மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுவந்து கட்டில் போட்டான். சொர்ணவல்லி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். எதுவும் நிற்கவில்லை. அவன் விடியற்காலையில் வண்டி பூட்டிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டான். யுத்தத்தில் மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மருந்து வரத்து நின்றுவிட்டது, இருக்கிறதைக் கையில் தூக்கிக் கொடுக்க முடியாது, ஆளைக் கொண்டுவந்து படுக்க வையுங்கள், ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அவன் பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிட்டான். அவன் கையிலும் காப்பு இருந்தது.

மறுநாள் காலையில் வண்டியில் வைக்கோல் பரப்பி மாசேனைப் படுக்க வைத்தான். செங்கமலம் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். தோப்பைத் தாண்டி, வேப்பிலைத் தோரணம் கட்டின எல்லைக்கல் அருகே வந்ததும் ராக்கன் நடு ரோட்டில் நின்றான்.

"எங்கண்ணே போறீங்க?"

"ஆசுபத்திரிக்கு. வழிய விடு."

"பொழுது சாயத் திரும்பிருவீங்கள்ல?"

ஆத்மநாதன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ராக்கனிடம் அவன் பொய் சொன்னதில்லை. அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"அங்க படுக்கப் போடணும்னு சொல்றாங்கடா. நான் வந்துருவேன். அவ அங்கிட்டுத்தான் இருக்கணும்."

"அப்ப விட முடியாதுண்ணே."

"ஏண்டா, ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? அவளப் பாரு!"

"பாத்தேன்." ராக்கன் கம்பைத் தரையில் ஊன்றினான். "சத்தியம் நீங்கதான வாங்குனீங்க? ஒருத்தரக்கூட விடாதன்னு நீங்கதான சொன்னீங்க? போன வருசம் அம்ம போட்டு ஒரு பிள்ளையக் குடுத்துட்டேண்ணே. இன்னும் ஒண்ணுதான் இருக்கு. என்னால முடியாது."

ஆத்மநாதன் தார்க்கம்பை ஓங்கினான். ராக்கன் அசையவில்லை, தன் கம்பை உயர்த்தவும் இல்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான். அவனை அடித்து என்ன ஆகப் போகிறது? அவனை இப்படி நிறுத்தி வைத்ததே ஆத்மநாதன்தானே.

அதற்குள் அம்பலத்துக்குத் தகவல் போய், குடையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். தோப்புச் சனமும் வந்து கூடியது. அம்பலம் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். உண்மையாகவே உச்சுக் கொட்டினார்.

"ராக்கா, வழிய விடு. நான் சொல்றேன், பாவம் எனக்கு வரட்டும்" என்றார். ஆத்மநாதனுக்கு மூச்சு வந்தது. "ஆனா ஒண்ணு ஆத்மநாதா. இவ போயி வெளிய தங்குனா, இவ கட்டுன காப்பு காப்பில்லைன்னு ஆகுது. இவ காப்பு காப்பில்லைன்னா, அதே வரிசையில நீ உக்கார வச்ச மத்த நாலு குடும்பத்துதும் இல்ல. அவுக வெளியூராளு. பொழுது சாயுமுன்ன தோப்பு காலியாகணும். நீயே யோசிச்சுக்க."

தோப்புச் சனத்தில் மூத்தவர் ஆண்டிச்சாமி. மலையில் இரண்டு பேரப்பிள்ளைகளைப் புதைத்துவிட்டு மிச்சமிருந்த மூன்றை இழுத்துக்கொண்டு வந்தவர். அவர் வண்டிக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இன்னொரு தடவ எங்களால நடக்க முடியாது தம்பி. அவ பொழைப்பாளோ மாட்டாளோ. நாங்க பொழைச்சுக் கெடக்கோம். திருப்புங்க தம்பி."

காய்ச்சலில் விழுந்த சந்தனத்தை மலையில் தன்னோடு சேர்ந்து சுமந்தவள் மாசேன் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் சொல்லும்போது அவர் வண்டிக்குள் பார்க்கவில்லை. ஆத்மநாதன் பார்த்தான். மாசேன் கண்ணை மூடியிருந்தாள். செங்கமலம் அம்மாவின் நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு குடும்பம் ஒரு பக்கம், ஒருத்தி ஒரு பக்கம். இப்படி நிறுத்துப் பார்க்கவா படை திரட்டினான்? யாரையும் கேட்காமல் மாட்டை ஒடித்துத் திருப்பினான். அவன் கையாலேயேதான் திருப்பினான்.

மாசேன் அன்று போகவில்லை. மறுநாள் மத்தியானம், ஊரில் முளைப்பாரி எடுக்கப் பெண்கள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் போனாள். கடைசியாக என்னவோ சொன்னாள். பர்மாப் பாஷையில் சொன்னதால் ஆத்மநாதனுக்கும் செங்கமலத்துக்கும் மட்டும்தான் புரிந்தது. தண்ணீர்தான் கேட்டாள். சொர்ணவல்லி கொடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

ஊர் மறுபடியும் மந்தையில் கூடியது. கொட்டுக்காரர்கள் மேளத்தைத் தரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். காப்புக்குள் ஊர்ச்சனத்தில் ஒரு சாவு விழுந்தால் ஊருக்கே தீட்டு. எல்லார் காப்பையும் அறுத்துவிட வேண்டும், அந்த வருஷம் திருவிழா இல்லை. வெளியூராள் செத்தால் அப்படியில்லை. தூக்கி எல்லைக்கு வெளியே போட்டுவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போதும்.

அம்பலம் பூசாரியைப் பார்த்தார். பூசாரி தரையைப் பார்த்தார்.

"செத்தது ஆத்மநாதன் கொட்டகையில. அவனே சொல்லட்டும். ஆத்மநாதா, அந்தப் பொம்பள ஊர்க்காரியா, வெளியூர்க்காரியா?"

ஆத்மநாதனுக்கு ஒரு கணம் வெறி வந்தது. நேற்று அதே வாயால்தானே ஊர்க்கட்டு அவளுக்கும் உண்டென்று வண்டியைத் திருப்ப வைத்தீர்கள்! ஊர்க்காரிதான், என் வீட்டாள்தான், நிறுத்துங்கள் உங்கள் மேளத்தை, அறுத்துப் போடுங்கள் அத்தனை கயிற்றையும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஊர் முழுக்க அவளுக்காக ஒரு நாளாவது தலை முழுகட்டும்.

வாயைத் திறந்தான். பின்னாலிருந்து ஒரு கை அவன் முழங்கையைப் பிடித்தது. ஆண்டிச்சாமியின் கை. காப்பை அறுத்தால் துரத்தக் கூடாது என்கிற தடையும் அறுந்துவிடும், தோப்பும் போயிற்று.

"அம்பலாரே, மத்தவுக?" என்று கேட்டான்.

"மத்தவுகளுக்கென்ன, காப்புக் கட்டுனவுக, இருக்கட்டும். நான் இந்தப் பொம்பளையப் பத்தித்தான் கேக்குறேன்."

செங்கமலம் சொர்ணவல்லியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மந்தை ஓரத்தில் நின்றிருந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். சந்தனம் நல்ல தமிழ்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.

"வெளியூர்க்காரிதான்" என்றான் ஆத்மநாதன்.

"சத்தமாச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"அவ நம்ம ஊர்க்காரி இல்ல."

அம்பலம் தலையசைத்தார். கொட்டுக்காரர்கள் மேளத்தை எடுத்துத் தோளில் மாட்டினார்கள். பாடை கட்ட ராக்கன்தான் மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தான். தூக்க ஆள் போதாமல் தொண்டர் படை முழுவதும் வந்தது. எல்லைக்கல்லைத் தாண்டும்போது அவர்களை யாரும் மறிக்கவில்லை. திரும்பி வந்து குளித்துவிட்டு ஆத்மநாதன் கொட்டகைக்குப் போனான். செங்கமலம் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட வா என்று தமிழில் கூப்பிட்டான், பிறகு பர்மாப் பாஷையில் கூப்பிட்டான். அவள் எந்தப் பாஷையிலும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.