ஒரு சுளகு தவிடு

வாவித் தண்ணீர் கழுத்து மட்டத்துக்கு இருந்தது. தக்சிகா காலை மடித்துக் குந்தியபடி, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டு மெல்ல முன்னால் நகர்ந்தாள். இறால் கையில் தட்டுப்பட்டதும் ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். அதன் கொம்பு உள்ளங்கையில் ஏறினால் ஏறட்டும் என்று விட்டுவிட வேண்டும். நோகிறதென்று கையை உதறுகிறவளுக்கு அன்றைக்கு அடுப்பு எரியாது. பிடித்ததைக் கழுத்தில் தொங்கிய ஓலைப் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி கையை இறக்கினாள். போன வருடம் முறிந்த இடது முழங்கை தண்ணீரின் குளிருக்கு இன்னும் சரியாக மடங்கவில்லை.

பக்கத்தில் தடவிக்கொண்டு வந்தவள் அடுத்த வளவு அன்னப்பூரணி. வெயில் ஏறிவிட்டது, கோட்டில் வழக்குக்கு நேரமாகிறது, கரையேறிப் போய்க் குளி என்று அவள் இரண்டு தரம் சொல்லிவிட்டாள். தக்சிகா நகர்ந்தபடியே இருந்தாள்.

"அன்னக்கா, இண்டைக்கு அவனை அம்மா எண்டு கூப்பிடச் சொல்லப் போறன்."

அன்னப்பூரணியின் கைகள் தண்ணீருக்குள் நின்றன. "ஐஞ்சு வயசு முடியட்டும்கா. வாற திருவிழா வரைக்கும் பொறுக்க ஏலாதா?"

"கோட்டு பொறுக்காதாம்."

மதுரனுக்கு முன்னால் தக்சிகா இரண்டு பிள்ளைகளைப் பெற்றிருந்தாள். ஒன்று பிறந்த துடக்குக் கழியும் முன்பே போனது. மற்றது அம்மா என்று சொல்லப் பழகிய மாதத்தில் காய்ச்சலில் போனது. மூன்றாவது பிறந்தபோது ஊரில் செய்வதைச் செய்தார்கள். அன்னப்பூரணி ஒரு சுளகு தவிட்டைக் கொண்டுவந்து விலையாக வாசலில் வைத்துவிட்டுப் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள். அன்றோடு பிள்ளை அவளுடையது. பால் கொடுப்பதும் கழுவித் துடைப்பதும் மட்டும்தான் பெற்றவள் வேலை. பிள்ளை படுப்பது பெற்ற வீட்டில்தான் என்றாலும், தேடி வருகிற யமன் அங்கே அம்மா என்ற சத்தம் கேட்காமல் திரும்பிப் போவான். ஐந்து வயது முடிந்ததும் களுதாவளைப் பிள்ளையாருக்குப் பொங்கிப் படைத்து மீட்டுக்கொள்ளலாம். அதுவரைக்கும் மதுரனுக்கு அன்னப்பூரணிதான் அம்மா. தக்சிகா மாமி. தகப்பனுக்கு இந்த விலக்கு எதுவும் இல்லை, சாத்திரக்காரர் தாய் மடியைத்தான் குறை சொல்லியிருந்தார்.

அன்னப்பூரணி தண்ணீரைக் கையால் அள்ளினாள். பிறகு தக்சிகாவின் தலையில் அதை ஊற்றினாள்.

"நான் திருப்பித் தந்திட்டன்கா. போய்க் கேளு. பிள்ளையார் கண்ணை மூடிக்கொள்ளட்டும்."

தக்சிகா கரையேறினாள். சோப்பை இரண்டு தரம் போட்டுத் தேய்த்தும் விரல் இடுக்குகளில் சேற்று மணம் நின்றது.

பட்டணத்தில் புதிதாகத் திறந்த அந்த இடத்தை ஊரவர்கள் பொம்மைக் கோட்டு என்றுதான் சொன்னார்கள். வாசல் பலகையில் சிறுவருக்கும் பெற்றோருக்குமான ஆற்றுப்படுத்தல் நீதிமன்றம் என்று எழுதியிருந்தது. கூண்டு கிடையாது. பொலிஸ்காரர் உடுப்பு மாற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. எல்லாரும் நல்லவர்கள். அந்த நல்லவர்களுக்கு முன்னால் எப்படி உட்கார்வது என்றே தக்சிகாவுக்கு இன்னும் பழகவில்லை.

அவளுடைய புருஷன் உதயரூபன் மணல் லொறி ஓட்டுகிறவன். குடித்துவிட்டு வருகிற நாளில் வீட்டில் எது அசைகிறதோ அதற்கு அடி விழும். சட்டியை நகர்த்தினால் அடி, இருமினால் அடி. அசையாமல் இருந்தால் அடி தன் மேல் விழாது என்று மதுரன் மூன்று வயதிலேயே தெரிந்துவைத்திருந்தான். தகப்பனின் லொறிச் சத்தம் கேட்டதும் சுவரோடு ஒட்டிக் குந்திக்கொள்வான். மூக்கில் இலையான் வந்து மொய்த்தாலும் கையைத் தூக்க மாட்டான். கடைசியாக அடித்த அன்று தக்சிகாவின் முழங்கை முறிந்தது, தலை வெடித்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்த்தார்கள். நான் வைத்திருக்கிறேன் என்று அன்னப்பூரணி போய்க் கெஞ்சினாள். இரத்த உறவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு உதயரூபன் குடியை விட்டான், அல்லது கோட்டுக்கு வருகிற நாட்களில் விட்டான். கோபத்தை அடக்கப் பழக்கும் வகுப்புக்கு ஒழுங்காகப் போனான். பிள்ளை உன்னோடு இருந்தால் அவளுக்குத் தாபரிப்புக் காசு கட்டத் தேவையில்லை என்று அவனுடைய தமக்கை உன்னிச்சையிலிருந்து சொல்லிக் கொடுத்திருந்தாள். பிள்ளை வேண்டும் என்று அவனும் கேட்டான்.

கிழமைக்கு ஒரு தரம் பிள்ளையை இல்லத்திலிருந்து கோட்டின் விளையாட்டுக் கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். தாய் ஒரு முறை, தகப்பன் ஒரு முறை பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவனோடு விளையாட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உளவளத்துணையாளர் கிருசிகா பார்த்துக்கொண்டிருப்பாள். நாவற்குடாவில் வீடு, இளம் வயது, இனிமையான குரல். மதுரன் தக்சிகாவிடம் வந்தால் கட்டைகளை எறிவான், அவள் தோளைக் கடிப்பான், ஏன் என்னை விட்டிட்டுப் போனாய் என்று நிலத்தில் உருண்டு கத்துவான். தகப்பனிடம் போனால் மடியில் ஏறி இருப்பான். இறக்கிவிடும் வரைக்கும் அப்படியே இருப்பான். அப்பா என்று சொல்லு என்றால் உடனே சொல்வான்.

போன கிழமை கிருசிகா தக்சிகாவைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வழக்குத் தவணையில் நீதவான் முடிவு சொல்லப் போகிறார் என்றாள். பிள்ளை இவளை அம்மா என்று ஒரு தரமாவது கூப்பிட்டால் அதைச் சொல்லித் தாய்ப் பக்கம் பேசலாம் என்றாள். தக்சிகா தவிட்டுக் கதையைச் சொன்னாள். கிருசிகா சிரித்தாள், அந்தச் சிரிப்பில் பொல்லாப்பு இல்லை.

"எனக்குத் தெரியாதா? என்ட அண்ணனும் அப்பிடித்தான், கலியாணம் முடிக்கும் வரைக்கும் எங்கட அம்மாவை அக்கா எண்டுதான் கூப்பிட்டவர். ஆனா அதை நான் கோட்டில சொல்லேலா. கண்டதைத்தான் சொல்லலாம்."

இன்றைக்கு அந்தத் தவணை. கூடத்துக்குள் தக்சிகாவைக் கண்டதும் மதுரன் ஓடிவந்து அவள் வயிற்றில் தலையால் முட்டினான். பிறகு அவளுடைய கையை எடுத்து மணந்து பார்த்தான். இறால் கொண்டு வந்தாயா என்று கேட்டான். அவள் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே யாரும் தெரியவில்லை, தன் முகம்தான் தெரிந்தது. போன இரண்டு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டாள். இவனுக்கு ஏதும் வருவதென்றால் எனக்கு வரட்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பினாள்.

"மனே, இண்டைக்கு என்னை அம்மா எண்டு கூப்பிடு."

மதுரன் அவளைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து அவன் முன்பு ஒரு நாள் அவளை அம்மா என்று கூப்பிட்டிருந்தான். அவளுக்கு அடுப்படியில் நின்றபடியே உயிர் போய் வந்தது. சொல்லாதே, சொல்லாதே என்று வாயிலேயே அடித்தாள். உதடு வெடித்து இரத்தம் வந்தது. அதைக் கண்டபிறகு அவனைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். அவன் வாழ்நாளில் அவள் அடித்தது அந்த ஒரு அடிதான்.

"சொல்லு மனே. இப்ப சொல்லலாம். ஒண்டும் வராது."

அவன் தலையை ஆட்டினான். அவள் அவன் கைகளை வாயிலிருந்து விலக்கப் பார்த்தாள். அவன் இன்னும் இறுக்கினான். அவள் பதற்றத்தில் இழுத்தாள். அவன் விரல்களுக்குள்ளாலேயே வீரிட்டுக் கத்தினான். கதவு திறந்தது. கிருசிகா வந்து மெல்ல நடுவில் குனிந்து, போதும் விடுங்க என்றாள். மதுரன் விக்கிக்கொண்டே தக்சிகாவைக் கேட்டான்.

"சொன்னா அடிக்க மாட்டியா மாமி?"

கிருசிகா நிமிர்ந்தாள். "நீங்க இவனுக்கு அடிச்சிருக்கிறீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம் மிஸ். ஒருக்கா. வாயில."

கிருசிகாவின் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. ஐயோ, இதை நான் மறைக்கேலாதே என்றாள். தக்சிகாவுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீதவான் மேசைக்குப் பின்னால் இருக்கவில்லை. எல்லாரோடும் வட்டமாகப் போட்ட கதிரைகளில் ஒன்றில் இருந்தார். உதயரூபன் வெள்ளைச் சேட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை பூட்டி, முழங்காலில் கைகளை வைத்தபடி இருந்தான். கிருசிகா கண்டதைச் சொன்னாள். தாயோடு இருக்கும்போது பிள்ளை குழம்புகிறான், கடிக்கிறான், வாயைப் பொத்துகிறான். தாய் அடித்ததை ஒப்புக்கொண்டார். தாயைத் தாய் என்று அழைப்பதில்லை. தகப்பனோடு அமைதியாக இருக்கிறான். எதுவும் பொய் இல்லை.

நீதவான் தக்சிகாவைப் பேசச் சொன்னார். அவள் செத்த பிள்ளைகளைச் சொன்னாள், தவிட்டைச் சொன்னாள், பொங்கலைச் சொன்னாள். அவன் அசையாமல் இருப்பது பயத்தில்தான் ஐயா, நானும் அப்படி இருந்தவள்தான் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது உதயரூபன் தலையைத் திருப்பாமலே கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய காதைப் பார்த்ததும் அவள் பேச்சை அந்த இடத்தோடு நிறுத்தினாள். நீதவான் பொறுமையாகத் தலையாட்டினார்.

"அம்மா, உங்கட நம்பிக்கையில நான் கை வைக்கல்ல. ஆனா பிள்ளை உங்களுக்குப் பயப்பிடுது. அவர் வகுப்புக்குப் போய்த் திருந்தியிருக்கிறார். நீங்களும் போங்க."

வகுப்பு வாரநாட்களில் காலை நேரம். வாவியில் இறால் கிடைப்பதும் அந்த நேரம்தான். பிள்ளை இப்போதைக்குத் தகப்பனிடம் என்றார் நீதவான். அவள் முடித்துவிட்டு வந்தால் மாதம் ஒரு தரம் பார்க்கலாம் என்றார். பிறகு மதுரனைக் கூப்பிட்டு, அவன் உயரத்துக்குக் குனிந்து, அப்பாவோடு போக விருப்பமா என்று கேட்டார். மதுரன் தகப்பனைப் பார்த்தான். பிள்ளையின் முதுகு நிமிர்ந்தது.

"ஓம்."

நீதவான் அவன் தலையைத் தடவிவிட்டார். கிருசிகா ஒரு பலூனைக் கொடுத்தாள்.

அன்னப்பூரணி வாசல் படலைக்கு வெளியே சோற்றுப் பொட்டலத்தோடு நின்றாள். அவளை உள்ளே விட்டிருக்கவில்லை. தக்சிகா வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றாள். உதயரூபன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, பிள்ளையைத் தூக்கிப் பெற்றோல் தாங்கியின் மேல் இருத்தினான். பலூன் கைதவறிப் போனது. அதைப் பார்க்கத் திரும்பிய மதுரன் இவர்கள் இரண்டு பேரையும் கண்டான்.

"மாமி," என்று கூப்பிட்டான். "மாமி, நீயும் வா. மாமி."

தக்சிகா ஓடினாள். வாசல் காவல்காரர் அவளைத் தடுத்தார். முரட்டுத்தனமாக இல்லை, வயதான மனிதர், நல்ல மாதிரி.

"தகப்பனோடதானே பிள்ளை போறான். மாமிக்காரி நீங்க ஏன் இப்பிடி அழுறீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். நான்தான் பெத்தவள் என்று சொல்ல வந்தது. பிள்ளையின் காதில் விழுமே என்று இந்த நேரத்திலும் அவளுக்குப் பயம் வந்தது.

மதுரன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். உதயரூபன் குனிந்து அவன் காதுக்குள் ஏதோ சொன்னான். ஒரு சொல்தான் இருக்கும். பிள்ளையின் கூப்பாடு அந்த இடத்திலேயே நின்றது. பிறகு இரண்டு கைகளையும் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டான்.

மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு தெருவில் ஏறி, வாவிப் பாலத்துப் பக்கம் திரும்பியது. பாலத்தின் பள்ளம் திட்டியில் அது துள்ளுவது இங்கிருந்தே தெரிந்தது. தகப்பனின் முழங்கைகளுக்கு நடுவில் மதுரன் அசையாமல் இருந்தான். கைகள் இரண்டும் வாயில் இருந்தன, அவன் எதையும் பிடித்திருக்கவில்லை.